சம்பளம் என்பது எந்தக் கட்டத்தில் இருக்கும் தொகை?

ஒரு சின்னக் கணக்கு. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் ஒரு சரக்குக் கிடங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மூன்று பெண்கள். மூவரும் ஹிஸ்பானிக் இனக்குழுவினர். முதலாமவர் ஆண்டு முழுவதும் 2,080 மணி நேரம் வேலை பார்த்து 41,600 டாலர் வாங்கியிருக்கிறார். இரண்டாமவர் 1,800 மணி நேரத்துக்கு 43,200 டாலர். மூன்றாமவர் ஏப்ரலில் சேர்ந்தவர். 1,500 மணி நேரத்துக்கு 45,000 டாலர். இவர்களுடைய சராசரி மணிக்கூலி எவ்வளவு?

சம்பளப் பிரிவில் இருக்கும் பலரும் மொத்தத் தொகையான 1,29,800-ஐ மொத்த மணியான 5,380-ஆல் வகுத்து 24.13 டாலர் என்று எழுதிவிடுவார்கள். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் ஊழியர்களின் சம்பளத்தை இனம், பாலினம் வாரியாக நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டிய கலிஃபோர்னிய மாநிலப் படிவத்துக்கு அந்த விடை தவறு. ஒவ்வொருவரின் மணிக்கூலியையும் தனித்தனியே கண்டுபிடித்து (20, 24, 30), பிறகு அந்த மூன்றுக்கும் சராசரி எடுக்க வேண்டும். அது 24.67. கூடவே இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) வேண்டும், அது 24. ஐம்பது காசு வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் படிவத்தில் இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் (வரிசைகள்) இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரையறை, ஒவ்வொரு வரையறைக்கும் ஒரு கேள்வி பதில் குறிப்பு. அமெரிக்க மாநிலங்களின் சம்பளத் தரவு அறிக்கைச் சட்டங்களுக்கு நிறுவனங்களைத் தயார் செய்வதென்று ஒரு தனித் தொழிலே வளர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். சட்டம் கேட்பது கூட்டல், கழித்தல், வகுத்தல். சிக்கலெல்லாம் எதைக் கூட்டுவது, எதால் வகுப்பது என்பதில்.

மத்திய அரசு பார்த்துக்கொள்ளாமல் மாநிலங்கள் ஏன் இதில் இறங்கின என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. அமெரிக்காவில் சம ஊதியச் சட்டம் 1963-லேயே வந்துவிட்டது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று தெரியாதவர் எதை வைத்து வழக்குப் போடுவார்? அலபாமாவின் காட்ஸ்டென் நகரில் குட்இயர் டயர் ஆலையில் பகுதி மேலாளராக இருந்த லில்லி லெட்பெட்டரின் மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே பொறுப்பில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286, மிக அதிகமாக வாங்கியவருக்கு 5,236. யாரோ பெயர் போடாமல் விட்டுச்சென்ற ஒரு துண்டுச் சீட்டில்தான் அவருக்கு இந்த விஷயம் தெரிய வந்தது. 2007-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருடைய வழக்கைத் தள்ளியது: பாகுபாடான முடிவு எடுக்கப்பட்ட 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம். தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் செய்வது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. 2009 ஜனவரி 29-ல் ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டம் அந்தக் காலக்கெடுவை மாற்றியது. சட்டத்துக்கு லெட்பெட்டரின் பெயரே வைக்கப்பட்டது.

ஆனாலும் துண்டுச் சீட்டின் இடத்தில் அரசு எதையும் வைக்கவில்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் ஈஈஓ-1 என்ற படிவத்தை 1960-களிலிருந்தே சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு அனுப்பி வருகின்றன. எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள், என்ன இனம், எந்த வகை வேலை என்ற தலைக்கணக்கு அதில் இருக்கும், சம்பளம் இருக்காது. 2016-ல் ஒபாமா நிர்வாகம் அதே படிவத்தோடு சம்பளத்தையும் வேலை நேரத்தையும் சேர்க்கும் இரண்டாம் பகுதியைக் கொண்டுவந்தது. 2017 ஆகஸ்டில் டிரம்ப் நிர்வாகம் அதை நிறுத்தி வைத்தது. பெண்கள் உரிமை அமைப்பு ஒன்றும் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பு ஒன்றும் நீதிமன்றம் போயின. 2019 மார்ச்சில் நீதிபதி தான்யா சட்கன் அந்தத் தடையை நீக்கினார். விளைவாக 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தரவு மட்டும் திரட்டப்பட்டது. அத்தோடு சரி. இதைத் தொடரப் போவதில்லை என்று ஆணையம் அறிவித்துவிட்டது.

கைவிடப்பட்ட அந்தப் படிவத்தைத்தான் கலிஃபோர்னியா எடுத்துத் தூசி தட்டியது. 2020 செப்டம்பர் 30-ல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட எஸ்பி 973 என்ற சட்டத்தின் வேலை வகைகளும் சம்பளப் படிகளும் பெரும்பாலும் மத்திய அரசு கைவிட்ட இரண்டாம் பகுதியிலிருந்து வந்தவை. முதல் அறிக்கைகள் 2021 மார்ச் 31-க்குள் போய்ச் சேர்ந்தன. 2022-ல் எஸ்பி 1162 அதை இறுக்கியது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் இரண்டாவது புதன்கிழமைதான் கடைசி நாள். முன்பு அபராதம் என்று ஒன்றும் கிடையாது. எஸ்பி 1162-க்குப் பிறகு முதல் தடவை தவறினால் ஓர் ஊழியருக்கு 100 டாலர், அடுத்த தடவை 200 டாலர் வரை. ஐந்நூறு பேர் இருக்கும் நிறுவனத்துக்கு முதல் தடவையே 50,000 டாலர்.

படிவத்தின் கட்டமைப்பைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் மற்றது புரியும். நிறுவனம் அக்டோபர் 1-க்கும் டிசம்பர் 31-க்கும் இடையில் ஏதாவது ஒரு சம்பளக் காலத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த இரண்டு வாரத்திலோ மாதத்திலோ பட்டியலில் இருந்தவர்கள்தான் அறிக்கையில் வருவார்கள். செப்டம்பரில் வேலையை விட்டவர் வரமாட்டார். நவம்பரில் சேர்ந்தவர் வரக்கூடும். பிறகு, ஒரே பணியிடம், ஒரே வேலை வகை, ஒரே இனம், ஒரே பாலினம், ஒரே சம்பளப் படி என எல்லாம் பொருந்துகிறவர்களை ஒரு வரியில் கட்ட வேண்டும். வேலை வகைகள் பத்து, இனப் பிரிவுகள் ஏழு, பாலினம் மூன்று, சம்பளப் படிகள் (இத்தனை டாலர் முதல் இத்தனை டாலர் வரை என்ற அடுக்குகள்) பன்னிரண்டு. நம் மூன்று பெண்களும் இயந்திரம் இயக்குவோர் என்ற வகையில், ஒரே சம்பளப் படியில் ஒரே வரியாக உட்காருவார்கள். தலை மூன்று, மணி 5,380, சராசரி 24.67, இடைநிலை 24.

அடுத்து, சம்பளம் என்றால் எது என்ற கேள்வி. ஆண்டு முடிந்ததும் ஊழியருக்குக் கொடுக்கப்படும் டபிள்யூ-2 படிவத்தில் பல கட்டங்கள் உண்டு. 1-ஆம் கட்டத்தில் வருமான வரிக்கு உட்பட்ட தொகை, 5-ஆம் கட்டத்தில் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிக்கு உட்பட்ட தொகை. மத்திய அரசின் பழைய இரண்டாம் பகுதி 1-ஆம் கட்டத்தைக் கேட்டது. கலிஃபோர்னியா 5-ஆம் கட்டத்தைக் கேட்கிறது. இதில் கலிஃபோர்னியா செய்ததுதான் சரி என்பேன். ஓய்வுக்காலத்துக்கென்று 401-கே கணக்கில் ஊழியர் தானாகப் போடும் பணம் 1-ஆம் கட்டத்தில் கழிந்துவிடும், 5-ஆம் கட்டத்தில் கழியாது. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் ஆண்டுக்கு 20,000 டாலர் சேமித்தால், 1-ஆம் கட்டத்தை வைத்துப் பார்க்கும்போது அவருக்கு 20,000 டாலர் குறைவாகக் கொடுப்பது போலத் தெரியும். சேமிப்பவருடைய சிக்கனம் முதலாளியின் பாகுபாடாகத் தோற்றம் தரும் விசித்திரம் அது.

5-ஆம் கட்டத்துக்கும் தன் வினோதங்கள் உண்டு. நிறுவனப் பங்குகளாகக் கொடுக்கப்படும் ஊதியம், அந்தப் பங்குகள் ஊழியரின் கைக்கு வரும் ஆண்டில் அந்தக் கட்டத்தில் ஏறிவிடும். ஆகவே சிலிக்கான் பள்ளத்தாக்கில் இரண்டு பொறியாளர்கள் ஒரே அடிப்படைச் சம்பளத்தில் இருந்தாலும், நான்கு ஆண்டுக்கு முன் பங்கு விலை குறைவாக இருந்தபோது சேர்ந்தவர் இரண்டு படி மேலே தெரிவார். தவிர, மேல்படிக்கு உச்சவரம்பு கிடையாது. மூன்று லட்சம் வாங்குகிறவரும் இருபது லட்சம் வாங்குகிறவரும் ஒரே படியில்தான். ஏற்றத்தாழ்வு அதிகமாக இருக்கக்கூடிய உயரத்தில் படிவத்தின் கண் மங்கிவிடுகிறது. சராசரியையும் இடைநிலையையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கியதால் இது ஓரளவு சரியாகியிருக்கிறது; சராசரி இடைநிலையைவிட எக்கச்சக்கமாக எகிறினால் அந்த வரியில் ஏதோ பெரிய மீன் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இடையில் சேர்ந்தவர்கள் இன்னொரு தலைவலி. ஆண்டுக்கு 1,20,000 டாலருக்கு அக்டோபர் தொடக்கத்தில் சேர்ந்தவரின் டபிள்யூ-2-வில் 30,000 டாலர்தான் இருக்கும். அதை முழு ஆண்டுக்குப் பெருக்கிக் காட்ட மாநிலம் அனுமதிப்பதில்லை. இருப்பதைத்தான் எழுத வேண்டும். ஆகவே அவர் படிப்பட்டியலில் ஒரு கடைநிலைத் தொழிலாளிக்குப் பக்கத்தில் போய் உட்காருவார். அவரை மீட்டெடுப்பது மணி நேரக் கட்டம்தான்: 520 மணி நேரத்துக்கு 30,000 என்றால் மணிக்கு 57 டாலருக்கு மேல். இந்தப் படிவத்தில் மணி நேரம் இல்லையென்றால் சம்பளத்துக்கு அர்த்தமே இல்லை.

அந்த மணி நேரம்தான் பல நிறுவனங்களிடம் இல்லை. மணிக்கூலிக்காரர்களுக்கு வருகைப் பதிவு இருக்கும். மாதச் சம்பளக்காரர்கள், அதாவது கூடுதல் நேர ஊதியம் கோர முடியாதவர்கள், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அவர்களுக்கு வேலை செய்த நாட்களை, ஒரு நாளின் சராசரி மணி நேரத்தால் பெருக்கிக்கொள்ளலாம் என்று மாநிலத்தின் குடிமை உரிமைகள் துறை வழி சொல்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பார்க்க எளிது. ஆனால் எட்டு மணி நேரம் என்று போடுவதா, உண்மையில் நடப்பதுபோல் பத்து என்று போடுவதா? எட்டு என்றால் மணிக்கூலி ஏறித் தெரியும், பத்து என்றால் இறங்கித் தெரியும். ஒரு துறைக்கு எட்டு, இன்னொரு துறைக்குப் பத்து என்று போட்டு, அந்த இரண்டாவது துறையில் பெண்கள் அதிகமாக இருந்துவிட்டால், இல்லாத இடைவெளியை நிறுவனமே தன் கையால் தோண்டிக்கொண்டதாகிவிடும். ஒரு முறையைத் தேர்ந்து, அதை எழுதி வைத்து, எல்லாருக்கும் அதையே பயன்படுத்துவதுதான் பிழைக்கும் வழி.

அடுத்து இனம். இந்த இடம் தமிழர்களுக்கு நேராக வந்து படும். ஊழியர் தானே சொல்வதுதான் முதல் ஆதாரம். சொல்ல மறுத்தால்? கட்டத்தைக் காலியாக விட முடியாது. பணிப் பதிவேடுகளைப் பார்க்கலாம். அதிலும் இல்லையென்றால் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறது துறை. ஒரு மனிதவள அலுவலர் நடைபாதையில் உங்களைக் கடந்து போகும்போது, உங்கள் நிறத்தையும் மூக்கையும் பார்த்து, மடிக்கணினிக்குத் திரும்பி ஒரு கட்டத்தில் குறி போடுவதாக நினைத்துப் பாருங்கள். சங்கடமான வேலைதான். கருத்த நிறமுள்ள ஒரு தமிழரைக் கண்ணால் பார்த்து எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று எனக்கு ஒரு கவலை உண்டு. சரியாகவே போட்டாலும், அது ‘ஆசியர்’ என்ற ஒரே பெட்டிதான். சான் ஹோஸேயில் மென்பொருள் எழுதும் கோயம்புத்தூர்க்காரரும், ஸ்டாக்டனில் முதியோர் இல்லத்தில் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் பெண்மணியும், சீனத்திலிருந்து வந்த தையல் தொழிலாளியும் அந்த ஒரு பெட்டிக்குள் அடக்கம்.

பாலினத்தில் வேறு வகைத் தகராறு. கலிஃபோர்னியா ஆண், பெண், இருமையில் அடங்காதவர் என்று மூன்று பிரிவுகளை வைத்திருக்கிறது. மத்திய அரசின் ஈஈஓ-1-ல், 2024-ஆம் ஆண்டுக்கான திரட்டல் முதல், ஆண் பெண் இரண்டு மட்டும். 2025 ஜனவரியில் வந்த நிர்வாக ஆணையின் விளைவு அது. ஆகவே ஒரு நிறுவனம் ஒரே ஆட்களைப் பற்றி இரண்டு அரசுகளுக்கு இரண்டு விதமாக எழுத வேண்டியிருக்கிறது. மத்தியப் படிவத்தை நகலெடுத்து மாநிலத்துக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கும் சோம்பேறித்தனம் இந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும்.

யார் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். ‘நூறு ஊழியர்கள்’ என்ற சொல் இப்படிச் சட்டம் போட்ட கலிஃபோர்னியா, இல்லினாய்ஸ், மாசசூசெட்ஸ் ஆகிய மூன்று மாநிலங்களில் ஒரே பொருளில் இல்லை. கலிஃபோர்னியாவில், அமெரிக்கா முழுவதும் சேர்த்து நூறு பேர் இருந்து, அதில் ஒரே ஒருவர் கலிஃபோர்னியாவில் இருந்தால் போதும். டெக்சாஸில் தொண்ணூற்றொன்பது பேரை வைத்துக்கொண்டு, சான் டியேகோவில் தன் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவரை நியமித்த நிறுவனத்துக்கும் மே மாதப் புதன்கிழமை உண்டு. பகுதி நேரத்தாரும் முழுத் தலையாகவே எண்ணப்படுவார்கள். இல்லினாய்ஸிலும் மாசசூசெட்ஸிலும் அந்தந்த மாநிலத்துக்குள்ளேயே நூறு பேர் இருக்க வேண்டும்.

எஸ்பி 1162 கொண்டுவந்தவற்றில் கூர்மையானது ஒப்பந்தத் தொழிலாளர் அறிக்கை. தொழிலாளர் ஒப்பந்ததாரர்கள் மூலம் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை வாங்கும் நிறுவனம் அவர்களுக்கென்று தனி அறிக்கை கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். இது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துப்புரவு, காவல், கிடங்கு போன்ற குறைந்த கூலி வேலைகளையெல்லாம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டால், மீதமிருக்கும் சொந்த ஊழியர்களின் சம்பளப் பட்டியல் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடைமுறையில் இதுதான் நிறுவனங்களை அதிகம் அலைக்கழிக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் டபிள்யூ-2 நிறுவனத்திடம் இல்லை, ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது. கொடுக்க வேண்டியது அவருடைய கடமை என்று சட்டம் சொல்கிறது. கொடுக்காமல் இழுத்தடித்தால் அபராதத்தில் ஒரு பங்கை அவர் தலையில் கட்டவும் இடம் இருக்கிறது. இருந்தாலும் மே மாதம் நெருங்கும்போது மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் தவிப்பவர் அறிக்கை தயாரிப்பவர்தான். ஆகவே அனுபவம் உள்ளவர்கள் தரவு கொடுக்கும் கடமையையும் தேதியையும் ஒப்பந்தம் போடும்போதே ஒரு பிரிவாக எழுதிவிடுகிறார்கள்.

யாரெல்லாம் ‘தொழிலாளர் ஒப்பந்ததாரர்’ என்பதும் வழக்குரைஞர்களுக்கு வேலை கொடுக்கும் கேள்வி. வாடிக்கை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்குள் வரும் வேலைக்கு ஆள் கொடுப்பவர் என்பது வரையறை. கிடங்கு நிறுவனத்துக்குச் சரக்கேற்ற ஆள் அனுப்புபவர் சந்தேகமின்றி உள்ளே வருவார். மென்பொருள் நிறுவனத்துக்கு நிரல் எழுத ஆள் அனுப்பும் ஆலோசனை நிறுவனமும் உள்ளே வரக்கூடும். அதே மென்பொருள் நிறுவனத்தின் ஓடாத குளிர்சாதனத்தைப் பழுது பார்க்க வருபவர் வரமாட்டார். சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் போய் ஒப்பந்த நிறுவனங்களின் பெயரில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பலர், தங்களுக்குத் தெரியாமலே ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் இரண்டாவது அறிக்கையில் ஒரு வரியின் பகுதியாக இருக்கலாம்.

இல்லினாய்ஸ் வேறு பாதையில் போனது. 2021-ல் தன் சம ஊதியச் சட்டத்தைத் திருத்தி, அறிக்கை கொடுத்தால் போதாது, சான்றிதழ் வாங்க வேண்டும் என்றது. கட்டணம் 150 டாலர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வோர் ஊழியரின் பாலினம், இனம், மாவட்டம், சேர்ந்த தேதி, மொத்த ஊதியம் எல்லாம் கொண்ட பட்டியலை மாநிலத் தொழிலாளர் துறைக்குக் கொடுக்க வேண்டும். இதைவிடப் பெரியது, கூடவே வைக்க வேண்டிய உறுதிமொழி. பெண்களின், சிறுபான்மை இனத்தவரின் சராசரி ஊதியம், ஒரே வேலை வகையில் மற்றவர்களின் சராசரியைவிடத் தொடர்ச்சியாகக் குறைவாக இல்லை என்று நிறுவனத்தின் பொறுப்பான அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். பணிக்காலம், அனுபவம், திறமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியா ‘எண்ணைக் கொடு’ என்கிறது. இல்லினாய்ஸ் ‘சத்தியம் செய்து கொடு’ என்கிறது. எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பும் அலுவலர் நிம்மதியாகத் தூங்கலாம். உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறவர், கீழே இருக்கும் எண்களை ஒருமுறையாவது புரட்டிப் பார்ப்பார். அபராதம் பத்தாயிரம் டாலரோடு நின்றாலும், இல்லினாய்ஸ் சட்டம்தான் நிறுவனத்தின் மேல்மாடியை அதிகமாக அசைக்கிறது என்பது என் எண்ணம். ‘தொடர்ச்சியாக’ என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை வழக்குரைஞர்கள் குடும்பம் நடத்துகிறார்களோ, அது வேறு கதை.

மாசசூசெட்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஜூலை 31-ல் ஆளுநர் மோரா ஹீலி கையெழுத்திட்ட சட்டத்துக்கு, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணான ஃபிரான்சிஸ் பெர்க்கின்ஸின் பெயர். 2025 பிப்ரவரி 1 முதல் நிறுவனங்கள் மத்திய அரசுக்கு அனுப்பும் ஈஈஓ-1-இன் நகலை மாநிலச் செயலாளருக்கும் அனுப்ப வேண்டும். அந்த ஈஈஓ-1-ல்தான் சம்பளமே இல்லையே என்று கேட்டால், ஆமாம், இல்லை. சம்பளத் தரவு அறிக்கை என்று பெயர் வாங்கிய சட்டம், இப்போதைக்குத் தலைக்கணக்கைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது. பெர்க்கின்ஸுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை செய்திருக்கலாம்.

நிறுவனங்களுக்கு உதவுவது என்ற தொழிலில் இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் மூன்று இழுப்பறைகளைத் திறந்து ஒன்றாகக் கொட்டுகிறார்கள். சம்பளம் ஒரு மென்பொருளில், வருகைப் பதிவு இன்னொன்றில், இனமும் பாலினமும் பதவியும் மனிதவளத் துறையின் மூன்றாவது ஒன்றில். மூன்றிலும் ஒரே ஆளுக்கு ஒரே எண் இருக்கும் என்று நம்பினால் முதல் வாரமே ஏமாற்றம். கல்யாணமாகிப் பெயர் மாறியவர், துணை நிறுவனத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் திரும்பி வந்தவர் என ஒவ்வொருவரும் ஒரு முரண்டு. இந்தக் கொட்டிப் பொறுக்கும் வேலையை ஏப்ரலில் தொடங்குகிறவர்கள் மே மாதத்தில் அழுகிறார்கள். தெரிந்தவர்கள் அக்டோபரிலேயே எந்தச் சம்பளக் காலத்தை எடுப்பது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அதற்கடுத்தது, பதவிப் பெயர்களை வேலை வகைகளில் பொருத்துவது. ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சித் தலைவர்’ என்று ஒரு பதவி இருந்தால் அவர் நிர்வாகியா, விற்பனையாளரா, அலுவலக உதவியாளரா? பதவியின் பெயரைப் பார்க்கக் கூடாது. அவர் காலையில் வந்து என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். கீழே ஆள் இல்லாத ஒருவரை மேலாளர் வகையில் போட்டால், அந்த வகையின் சராசரி இறங்கும். அப்படிப் பெயரளவில் பதவி உயர்வு பெற்றவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருந்தால், மேலாளர்களுக்குள் ஒரு பாலின இடைவெளி புதிதாக முளைக்கும். சில சமயம் அது பொருத்தப் பிழை. சில சமயம் அதுதான் உண்மை: பதவியைக் கொடுத்து, சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் கௌரவமான பகுதி.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அறிக்கை கொடுத்துவிட்ட நாளிலிருந்து அந்த எண்கள் நிறுவனத்துக்குத் தெரிந்த எண்கள். பின்னால் வழக்கு வந்தால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. அதனால் விவரம் அறிந்த நிறுவனங்கள், படிவத்தை நிரப்புவதற்கு முன்பே, வழக்குரைஞரின் மேற்பார்வையில் தங்கள் சம்பளங்களை ஆராய்ந்து, விளக்க முடியாத இடைவெளிகளைச் சம்பள உயர்வுக் காலத்திலேயே சரிசெய்கின்றன. இப்படிச் செய்வதை எண்களுக்கு ஒப்பனை போடுவதாகச் சிலர் கேலி செய்வதுண்டு. சம்பளம் உண்மையாகவே ஏறினால் ஒப்பனை என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொள்பவருக்கு அது காசு.

படிவத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மருத்துவமனையில் அறுவை மருத்துவரும் செவிலியரும் ‘தொழில்முறை வல்லுநர்’ என்ற ஒரே வகையில் வருவார்கள். மருத்துவர்களில் ஆண்களும் செவிலியர்களில் பெண்களும் அதிகமாக இருந்தால், யாரும் யாருக்கும் அநியாயம் செய்யாமலே பாதாளம் போல ஓர் இடைவெளி தெரியும். கலிஃபோர்னியாவின் சம ஊதியச் சட்டமோ ‘கணிசமாக ஒத்த வேலை’ என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறது. பத்து வகைகள் அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே இந்த அறிக்கை எதையும் நிரூபிக்காது. வரி அலுவலகம் எந்தக் கணக்கைத் தணிக்கைக்கு எடுப்பது என்று பார்ப்பதுபோல, எந்தக் கதவைத் தட்டுவது என்று துறைக்கு இது சொல்லும்.

மற்றொரு குறை ரகசியம். எஸ்பி 1162-இன் ஆரம்ப வரைவில் ஒவ்வொரு நிறுவனத்தின் அறிக்கையையும் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும் என்று இருந்தது. சட்டமாகும் முன் அது நீக்கப்பட்டது. இப்போது துறை மொத்தத் தொகுப்பைத்தான் வெளியிடலாம். பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2017-இன் விதிகளின்படி தங்கள் பாலின ஊதிய இடைவெளியைப் பெயரோடு வெளியிடுகின்றன; யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில்கூட, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தை ஆண்டறிக்கையோடு சொல்லியாக வேண்டும். சாதி என்ற கட்டம் அதில் கிடையாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. கலிஃபோர்னியா இவர்களைவிட நுணுக்கமாகக் கேட்கிறது. கேட்டதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறது. காட்ஸ்டெனில் துண்டுச் சீட்டு கிடைக்காத ஒரு லெட்பெட்டருக்கு இந்த அறிக்கையால் நேரடியாக எதுவும் தெரியப் போவதில்லை.

2025 அக்டோபரில் கையெழுத்தான எஸ்பி 464 மறுபடியும் திருகாணியை இறுக்கியிருக்கிறது. அறிக்கை தராத நிறுவனத்துக்குத் துறை கேட்டால் நீதிமன்றம் அபராதம் விதித்தே ஆக வேண்டும். விதிக்கலாம் என்ற நெகிழ்வு போய்விட்டது. இன, பாலின விவரங்களை ஊழியரின் பணிக் கோப்பிலிருந்து பிரித்துத் தனியே வைக்க வேண்டும். மிகப் பெரிய மாற்றம், 2027 ஜனவரி 1 முதல் வேலை வகைகள் பத்திலிருந்து இருபத்து மூன்றாகின்றன. புதிய வகைகள் அரசின் தொழில் வகைப்பாட்டின் பெரும் பிரிவுகளை ஒட்டியவை. இத்தனை ஆண்டுகளாகப் பொருத்தி வைத்த பதவிப் பட்டியல்கள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பொருத்த வேண்டும். கணினித் துறையினர் வழக்குரைஞர்களிடமிருந்து பிரிவார்கள். மருத்துவரும் செவிலியரும், அந்த வகைப்பாட்டின்படி, அப்போதும் ஒரே பிரிவில்தான் இருப்பார்கள். ஃப்ரெஸ்னோ கிடங்கின் மூன்று பெண்கள் இயந்திரம் இயக்குவோரை விட்டுப் போக்குவரத்து, சரக்கு நகர்த்துதல் என்ற பிரிவுக்கு மாறுவார்கள். அவர்களுடைய வரியில் 24.67 அப்படியேதான் இருக்கும். மணிக்கு இருபது வாங்குகிறவரும் முப்பது வாங்குகிறவரும் ஒரே வண்டியைத்தான் ஓட்டுகிறார்களா என்பதை அந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிடங்குக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.